சேர்ந்து வாழ்ந்த சிநேகிதிகள்: எமது கல்வி வரலாற்றில் எழுதப்படாத ஒரு பக்கம்

நூற்றாண்டு மலர் ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் வருவன ஆசிச் செய்திகள். அடுத்து வருவன அதிபர்களின் படங்கள். யாழ்ப்பாணத்தின் எந்தப் பெண்கள் பாடசாலையின் மலரைப் புரட்டினாலும், அந்தப் படங்களின் கீழுள்ள பெயர்களுக்கு முன்னால் 'மிஸ்' அல்லது 'செல்வி' என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். அவர்கள் எந்த ஆண்டு வந்தார்கள், எந்தக் கட்டடத்தை எழுப்பினார்கள், எந்த ஆண்டு ஓய்வு பெற்றார்கள் என்பதெல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். பாடசாலை மணி அடித்த பின் அவர்கள் எந்த வீட்டுக்குப் போனார்கள், யாருடன் இருந்து சாப்பிட்டார்கள், காய்ச்சலில் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தது யார் என்பதை மலர்கள் சொல்வதில்லை. அவர்களில் பலரைப் பொறுத்தவரை இதற்கு விடை ஒன்றுதான்: இன்னொரு 'மிஸ்', அல்லது இன்னொரு 'செல்வி'.

எங்கள் சங்கத்தின் இந்த மலருக்காகப் பழைய படங்களையும் கடிதங்களையும் திரட்டத் தொடங்கியபோது, இந்த வெற்றிடம் எமக்கு உறுத்தியது. மணமாகாத பெண்கள் இருவரோ மூவரோ சிநேகிதிகளாக ஒரே வீட்டில் வாழ்ந்தால், அதைப் பற்றி ஊர் ஏதேனும் ஒரு கதையைச் சொல்லும். அந்தக் கதைகள் காலத்துக்குக் காலம் மாறின. ஆனால் அந்த வீட்டில் உண்மையில் நடந்த வாழ்க்கையை எழுதி வைத்தவர்கள் மிகச் சிலர். மானிப்பாயிலிருந்து தொடங்கி அந்த வாழ்க்கையைப் பற்றி எம்மால் இயன்ற அளவு இங்கே எழுத முனைகிறோம்.

மானிப்பாயில் ஒரு வீடு

மானிப்பாய் என்றதும் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையும், தமிழில் மேலை மருத்துவத்தைக் கற்பித்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீனும் நினைவுக்கு வருவது இயல்பு. அவர் தமது தாயகத்துக்குத் திரும்பிய 1873 ஆம் ஆண்டுக்குச் சில வருடங்களின் பின், அதே ஊரின் மிஷன் இல்லமொன்றில் மணமாகாத மூன்று அமெரிக்கப் பெண்கள் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்தார்கள். அவர்களில் மூத்தவர் மிஸ் எலைசா அக்னியூ. மற்ற இருவரும் மேரி லீச், மார்கரெட் லீச் என்ற உடன்பிறந்த சகோதரிகள்.

அக்னியூ 1807 இல் நியூயோர்க் நகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே மிஷன் சேவைக்குப் போவதென்று உறுதிகொண்டவர். ஆனாலும் பெற்றோர் இருக்கும்வரை அவர்களுடனேயே இருந்தார். அவர்கள் காலமான பின், 1839 இல், தமது முப்பத்திரண்டாவது வயதில் கப்பலேறினார். 1840 இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். இலங்கைக்கு வந்த முதல் மணமாகாத அமெரிக்க மிஷனரிப் பெண்களில் அவர் ஒருவர். 1824 இல் ஆரம்பிக்கப்பட்டிருந்த உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையைப் பொறுப்பேற்று, 1879 வரை அதை நடத்தினார். நாற்பத்து மூன்று ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த அவர், ஒருமுறையேனும் தமது நாட்டுக்குத் திரும்பிப் போனதில்லை. பேத்தி, அவளுடைய தாய், அவளுடைய பாட்டி என மூன்று தலைமுறைக்குக் கற்பித்தவர் அவர்.

லீச் சகோதரிகள் அமெரிக்காவின் வேர்மண்ட் மாநிலத்தைச் சேர்ந்தவர்கள். 1880 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணிபுரிந்தார்கள். எழுபது வயதைக் கடந்து ஓய்வுபெற்ற அக்னியூ தமது இறுதிக் காலத்தைக் கழித்தது இந்தச் சகோதரிகளின் இல்லத்தில்தான். இரத்த உறவு ஏதும் இல்லாத, தம்மைவிட ஒரு தலைமுறை மூத்த பெண்ணை அவர்கள் வீட்டில் வைத்துப் பராமரித்தார்கள். 1883 ஜூன் மாதத்தில் அவர் அங்கேயே காலமானார். அவர் மரணப் படுக்கையில் இருந்த வேளை, வீட்டின் ஒவ்வோர் அறையும் அவரது பழைய மாணவிகளால் நிறைந்திருந்ததாக லீச் சகோதரிகள் பின்னர் தமது நூலில் பதிவுசெய்திருக்கிறார்கள். தமக்காக எதையும் வேண்டாமல் யாழ்ப்பாணத்துப் பெண்களுக்காகப் பிரார்த்திக்கும்படி அவர் கேட்டுக்கொண்டதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

பழைய மாணவிகள் ஒன்றுகூடல் என்று இன்று நாம் மண்டபம் எடுத்து நடத்துவதை, எம் பகுதிப் பெண்கள் சங்கமும் யாப்பும் இல்லாமலே அன்று அந்த மானிப்பாய் வீட்டில் நடத்தியிருக்கிறார்கள்.

தாய் என்ற பட்டம்

அக்னியூவை யாழ்ப்பாணம் 'ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய்' என்று அழைத்தது. நாமும் அந்தப் பட்டத்தைப் பெருமையுடன் சொல்லி வருகிறோம். அது அன்பினால் வந்த பட்டம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதற்குள் ஊரின் தடுமாற்றமும் ஒளிந்திருக்கிறது. கலியாணம் செய்யாத, பிள்ளை பெறாத ஒரு பெண்ணை எந்த முறை சொல்லி அழைப்பது என்று அன்றைய யாழ்ப்பாணத்துக்குத் தெரியவில்லை. எனவே தனக்குத் தெரிந்த சொற்களில் மிக உயர்ந்ததை எடுத்து அவருக்குக் கொடுத்தது.

ஔவையாருக்கும் இதுதான் நேர்ந்தது. கலியாணத்தைத் தவிர்ப்பதற்காகப் பிள்ளையாரை வேண்டி இளமையிலேயே கிழவியானார் என்று அவரைப் பற்றிக் கதை வழங்குகிறது. தனித்து வாழ்ந்த அறிவுடைய பெண்ணைத் தமிழ் மரபு கிழவியாக்கிய பிறகே நிம்மதி அடைந்தது. பாரியின் பெண்மக்களான அங்கவை சங்கவையரின் கலியாணத்தை அவரே முன்னின்று நடத்தினார் என்றும் கதை உண்டு. உடுவில் பாடசாலையின் ஆரம்ப காலத்தில், படிப்பை முடித்து மணமாகும் மாணவிகளுக்கு மிஷன் சிறு சீதனம் கொடுத்து வந்தது. சீதனமில்லாப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வராத ஊரில், பிள்ளைகளைப் பாடசாலையில் தக்கவைக்க அது ஒரு வழியாக இருந்தது. தாம் மணமாகாமலேயே இருந்து, ஊரார் பெண்களின் சீதனத்தைப் பற்றி அக்கறைப்பட வேண்டிய இடத்தில் அக்னியூவும் இருந்தார்.

இந்தப் பட்டங்கள் எல்லாம் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. அக்னியூவுக்குப் பிள்ளைகள் ஆயிரம் பேர் இருந்திருக்கலாம். அவர் முதுமையில் தங்கியிருந்தது இரு தோழியரின் வீட்டில். தாய்மை பற்றிப் பேசும் எவரும் அந்தத் தோழமை பற்றி ஒரு வசனமும் பேசுவதில்லை.

தமிழுக்குத் தோழி புதியவள் அல்லள். சங்க அகப்பாடல்களில் அதிகம் பேசுகிறவர்களில் அவளும் ஒருத்தி. தலைவியின் மனம் அறிந்தவள், தூது போகிறவள், வரைவு கடாவுகிறவள். ஆனால் தலைவிக்கு மணமான பின் அவளுக்குப் பெரிதாக வேலையில்லை. தோழிக்கென்று ஒரு வீட்டையோ ஒரு முதுமையையோ நமது இலக்கணம் வகுக்கவில்லை. வாழ்க்கையில் அந்த வீட்டைக் கட்டிக்கொண்டவர்கள் எமது ஆசிரியைகள்.

பின்வந்தவர்கள்

லீச் சகோதரிகள் 1886 இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனாலும் யாழ்ப்பாணம் அவர்களை விடவில்லை. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகச் சென்று பேசி, யாழ்ப்பாணக் கல்லூரிக்கும் பெண்களுக்கான வைத்தியசாலை ஒன்றுக்கும் நிதி திரட்டினார்கள். ஆண் வைத்தியரிடம் காட்ட மறுத்து எத்தனையோ பெண்கள் பிரசவத்தில் இறந்துகொண்டிருந்த காலம் அது. அந்த முயற்சியின் பயனாக எழுந்ததே 1898 இல் திறக்கப்பட்ட இணுவில் மக்லியட் வைத்தியசாலை. எம்மில் எத்தனை பேர் பிறந்தது அங்கே என்று கை உயர்த்தச் சொன்னால் ஒரு மண்டபத்தில் பாதிப்பேர் உயர்த்துவார்கள். அங்கே பல ஆண்டுகள் பணியாற்றிய ஸ்கொட்லாந்து மருத்துவர் இசபெல்லா கேரும் மணமாகாதவரே. உடுவிலில் அக்னியூவுக்குப் பின் அதிபர் பொறுப்பை ஏற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேவையாற்றிய மிஸ் சூசன் ஹௌலண்டும், அவருக்குப் பின் வந்த மிஸ் லூலூ புக்வால்டரும் அப்படியே.

இவ்வளவு பேர் மணமாகாமல் இருந்தது தற்செயல் அல்ல. 1868 இல் பொஸ்ரன் நகரில் பெண்கள் தமக்கென ஒரு மிஷன் சபையை ஆரம்பித்து, மணமாகாத பெண்களைக் கீழைநாடுகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். மிஷனரியின் மனைவிக்கு வீடும் பிள்ளைகளும் இருந்தன. முழுநேரமும் பள்ளியையும் வைத்தியசாலையையும் நடத்த வேறு பெண்கள் தேவைப்பட்டார்கள். ஒருவரைத் தனியே ஒரு ஊரில் விடவும் முடியாது. எனவே இருவர் மூவராக ஒரு பங்களாவில் குடியமர்த்தினார்கள். ஏற்பாடு மிஷனுடையது, அதற்குள் தோழமையை வளர்த்தது அவர்கள்.

அவர்களுடைய தாயகத்திலும் இது புதினமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், ஆண் துணையை நம்பாமல் இரு பெண்கள் சேர்ந்து குடும்பம் நடத்துவதைப் 'பொஸ்ரன் கலியாணம்' என்று அங்கே சொன்னார்கள். அமெரிக்காவின் பெண்கள் கல்லூரிகளில் கற்பித்த பெண் பேராசிரியர்கள் கலியாணம் செய்தால் பெரும்பாலும் பதவியை விடவேண்டியிருந்தது. வேலையா கலியாணமா என்ற கேள்விக்கு வேலை என்று பதில் சொன்னவர்கள், வீட்டைத் தோழியருடன் அமைத்துக்கொண்டார்கள்.

முதலாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவிலிருந்து வந்த ஆசிரியைகளுக்கு வேறொரு கதை காத்திருந்தது. 1921 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் அங்கே ஆண்களைவிடப் பெண்கள் பதினேழு இலட்சத்துக்கும் அதிகமாக இருந்தார்கள். பத்திரிகைகள் அவர்களை 'மிகைப் பெண்கள்' என்று எழுதின. அதனால் எந்த ஆங்கில 'மிஸ்' வந்து இறங்கினாலும், அவருக்கு நிச்சயித்திருந்தவர் பிரான்சில் போர்க்களத்தில் இறந்துவிட்டார் என்ற கதை அவருக்கு முன்னமே விடுதியை வந்தடைந்துவிடும். சிலருக்கு அது உண்மையாகவும் இருந்திருக்கும். மற்றவர்களுக்கோ, இல்லாத ஒரு மாப்பிள்ளையை நாமே உண்டாக்கி, நாமே போரில் சாகவும் வைத்தோம். ஒரு பெண் தன் விருப்பத்தோடு இப்படி இருக்கிறாள் என்று எண்ணுவதைவிட அது எமக்கு இலகுவாக இருந்தது.

எங்கள் ஆசிரியைகள்

வெள்ளைக்கார மிஸ்மாரின் இடத்துக்கு எம்மவர்கள் வந்தபோது கதைகள் இன்னும் கூர்மையாகின. வெளிநாட்டவரைப் பார்த்து 'அவையின்ர பழக்கம் அப்படி' என்று விட்டுவிட்ட ஊர், தன் சொந்தப் பிள்ளையை அப்படி விடவில்லை.

1915 இல் சென்னையில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி ஆரம்பமான பின், எம் பிரதேசத்துப் பெண்களும் கடல் கடந்து போய்ப் பட்டம் பெறத் தொடங்கினார்கள். அந்தக் கல்லூரியின் முதல் அதிபர் மிஸ் எலினர் மக்டுகலும் மணமாகாதவர். பட்டத்தோடு திரும்பி வந்தவர்கள் விடுதிச்சாலைகளில் தங்கிக் கற்பித்தார்கள். விடுதியில் பக்கத்துப் பக்கத்து அறைகளில் இருந்த இருவர், ஓய்வு நெருங்கும்போது ஒரு வளவை வாங்கி வீடு கட்டிக் குடிபோவார்கள். மானிப்பாய், சண்டிலிப்பாய், உடுவில், சுண்டுக்குளி என்று எந்த ஊரை எடுத்தாலும் எம்மில் பலருக்கு அப்படி ஒரு வீடாவது நினைவில் இருக்கும்.

அந்த வீடுகளை நாம் நன்கு அறிவோம். படலையைத் திறந்தால் குரோட்டன் செடிகள் வரிசையாக நிற்கும். முன் விறாந்தையில் இரண்டு சாய்மனைக் கதிரைகள், இரண்டு மூக்குக் கண்ணாடிகள், ஒரு வீரகேசரி. கணக்கு ரீச்சர் வரவு செலவு பார்ப்பார். சங்கீத ரீச்சர் குசினி பார்ப்பார். சனிக்கிழமைகளில் குந்தில் இருந்து பிள்ளைகள் பாடம் கேட்பார்கள், காசு வாங்கமாட்டார்கள். வகுப்பில் நடுங்க வைத்த ரீச்சர் இங்கே தோழியிடம் 'உப்புக் கூடிப்போச்சு' என்று பேச்சு வாங்குவதைப் பார்த்து நாம் அதிசயப்பட்டிருக்கிறோம். ஒருவருக்கு வருத்தம் என்றால் மற்றவரும் பாடசாலைக்கு லீவு போடுவார். அதிபர் காரணம் கேட்கமாட்டார்.

ஊர் காரணம் கேட்டது. கேட்டுத் தானே விடையும் சொன்னது. எம் காதில் விழுந்த விடைகள் நான்கு வகைப்படும்.

முதலாவது, குறை. சாதகத்தில் செவ்வாய்; சீதனம் போதாது; தகப்பன் வந்த பேச்சுக்கால்களை எல்லாம் தட்டிக் கழித்தார்; யாரோ ஒருவன் ஏமாற்றிவிட்டான். 'இருந்துபோன குமர்' என்ற ஒரு சொற்றொடருக்குள் ஒரு பட்டதாரி ஆசிரியையின் முப்பத்தைந்து வருடச் சேவையும் அடங்கிப்போகும். அவர் உண்மையில் எவரையேனும் மறுத்திருக்கலாம் என்று எவரும் யோசிப்பதில்லை.

இரண்டாவது, தியாகம். தம்பிமாரைப் படிப்பித்தா, தங்கச்சிமாரைக் கரைசேர்த்தா, தனக்கென்று வாழவில்லை என்று புகழும் கதை இது. பலருடைய வாழ்க்கையில் இது உண்மையே. அவர்களுடைய சம்பளத்தில் எழுந்த குடும்பங்கள் எத்தனை என்று எமக்குத் தெரியும். ஆனால் இந்தப் புகழ் ஒரு கணக்கையும் சேர்த்தே வைத்திருந்தது. கலியாணம் செய்யாதவளுக்கு வேறு வேலை இல்லை. ஆகவே கடைசிக் காலத்தில் தாயைப் பார்ப்பதும் அவள், பெறாமகளின் பிரசவத்துக்கு நிற்பதும் அவள். அவள் இன்னொரு வீட்டின் பாதி என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை.

மூன்றாவது, துறவு. கிறிஸ்தவராயின் கன்னியாஸ்திரி மாதிரி என்பார்கள். சைவராயின் சாமியார் மாதிரி என்பார்கள். நல்ல சேலை ஒன்றைக் கட்டினால், கொழும்புக்குப் படம் பார்க்கப் போனால், ஊர் முகம் சுளிக்கும். எம் ஆசிரியைகளில் சிலர் நன்றாக உடுத்தவும், நன்றாகச் சாப்பிடவும், கோடை விடுமுறைக்கு நுவரெலியா போகவும் விரும்பியவர்கள். அவர்கள் எதையும் துறக்கவில்லை.

நான்காவதை எவரும் முழுதாகச் சொல்வதில்லை. வசனத்தைத் தொடங்கிப் பாதியில் நிறுத்தி, கண்ணைக் காட்டுவார்கள். இதைப் பற்றிப் பின்னர் சொல்கிறோம்.

பாக்குநீரிணைக்கு அப்பால்

இந்த நிலை எமக்கு மட்டும் உரியதல்ல. சென்னையில் சிறுவயதிலேயே கைம்பெண்ணான சுப்புலட்சுமி 1911 இல் பீ.ஏ. பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துக் கைம்பெண் அவர். தம்மைப் போலவே கைம்பெண்ணான சித்தி வாலாம்பாளின் துணையோடு, இளம் கைம்பெண்களுக்கு ஒரு வீட்டை நடத்தினார். 1917 முதல் அவர்கள் சென்னைக் கடற்கரையில் உள்ள ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் வசித்தார்கள். கைம்பெண்ணின் முகத்தில் விழிப்பதே அபசகுனம் என்றிருந்த காலத்தில், ஆண் துணையில்லாத ஒரு வீடு நிறையப் பெண்கள் சேர்ந்து உண்டு படித்ததை ஊர் எப்படிப் பேசியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த வீட்டிலிருந்து ஆசிரியைகள் வெளிவந்தார்கள். ஊர் அவரைச் 'சகோதரி சுப்புலட்சுமி' என்று அழைத்தது. இங்கே தாய் என்றது போல அங்கே சகோதரி. உறவுமுறை ஒன்றைச் சூட்டிய பிறகே அவரை ஏற்க முடிந்தது.

வேலூரில் 1918 இல் பெண்களுக்கான மருத்துவக் கல்வியைத் தொடங்கிய டொக்டர் ஐடா ஸ்கடரை எல்லோரும் அறிவார்கள். அமெரிக்காவில் வசதியாக வாழ்ந்த மிஸ் கேர்ட்றூட் டொட் தமது செல்வத்தோடு வேலூருக்கு வந்து, ஐடாவுடன் ஒரே வீட்டில் வாழ்ந்து, கல்லூரியின் கணக்குகளைப் பார்த்து, பணம் குறைந்தபோதெல்லாம் தமது கையிலிருந்து கொடுத்து உதவியவர். வேலூரின் கதையைச் சொல்பவர்கள் டொட்டைப் பெரும்பாலும் கொடையாளர் பட்டியலில் சேர்த்துவிட்டு அப்பால் போய்விடுகிறார்கள். நாள் முழுதும் அறுவைச் சிகிச்சை செய்து களைத்து வருபவருக்கு, பேச ஒருவர் இருக்கும் வீடு எவ்வளவு பெரிய கொடை என்பதை அந்தப் பட்டியலால் காட்ட முடியாது.

பேத்தி கேட்கும் கேள்வி

இன்று எம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். பழைய படத்தில் இரு ரீச்சர்மார் தோளோடு தோள் நிற்பதைப் பார்த்துவிட்டு, 'அம்மம்மா, அவை இரண்டு பேரும் சோடியோ?' என்று வெளிப்படையாகக் கேட்கிறார்கள். முன்பு கண்ணைக் காட்டிச் சொன்னதை இவர்கள் வாயால் கேட்கிறார்கள். வசை நோக்கம் இல்லை. பெரும்பாலும் அன்போடுதான் கேட்கிறார்கள். இருந்தும் எம்மில் பலர் 'சீ, அப்படி ஒன்றுமில்லை' என்று பாய்ந்து விழுகிறோம்.

இதில் நிதானமாக யோசிக்க வேண்டும் என்பது எமது கருத்து. பேத்தியின் கேள்விக்குள் ஓர் எண்ணம் இருக்கிறது: இருவர் முப்பது ஆண்டுகள் ஒரு வீட்டில் வாழ்ந்தால் அதற்குக் காரணம் காதலாகத்தான் இருக்கவேண்டும், வெறும் சிநேகிதத்துக்கு அவ்வளவு வலு இல்லை. எமது மறுப்புக்குள்ளும் ஓர் எண்ணம் இருக்கிறது: அப்படி இருந்திருந்தால் அது அவர்களுக்கு இழுக்கு. இரண்டும் அவர்களைக் கேட்காமல் நாம் எடுக்கும் முடிவுகள். தம் மனதில் இருந்ததை அவர்கள் எமக்கு எழுதி வைக்கவில்லை. சிலர் சிநேகிதிகளாகவே வாழ்ந்திருப்பார்கள். சிலருக்கு அந்த அன்பு வேறு விதமாகவும் இருந்திருக்கும். எதுவாயினும் எமக்குக் கணக்குப் படிப்பித்தவருக்கு அதனால் குறைவு ஏதும் இல்லை. சிநேகிதம் என்று அவர்கள் சொன்னால் சிநேகிதம் என்றே எடுத்துக்கொள்வதுதான் மரியாதை.

இது பழங்கதையாகப் போய்விட்ட விடயமும் அல்ல. 1995 இல் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவைத் திருத்தியபோது, 'ஆண்' என்றிருந்த இடத்தில் இருபாலாரையும் குறிக்கும் சொல்லைப் போட்டார்கள். அதன் மூலம் அதுவரை ஆண்களை மட்டும் தொட்ட சட்டம் பெண்களையும் தொட்டது. அயலவரின் ஒரு பாதி வசனம், ஒரே வீட்டில் இருக்கும் இரு பெண்களைப் பொலிஸ் வாசல்வரை கொண்டுபோகக்கூடும். இன்று எம் ஊரில் வேலை பார்க்கும் இளம் ஆசிரியைகள், தாதிகள், வங்கி உத்தியோகத்தர்கள் இருவர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்குக் கேட்டால், 'ஆம்பிளை ஒருவரும் இல்லையோ?' என்ற கேள்வியைத் தாண்டித்தான் திறப்பை வாங்க வேண்டியிருக்கிறது.

சட்டமும் படிவமும்

எண்ணங்கள் பேச்சோடு நின்றுவிட்டால் பரவாயில்லை. அவை படிவங்களிலும் உறுதிகளிலும் இருக்கின்றன.

ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், தொகுக்கப்பட்ட தேசவழமை இன்றும் எமது சொத்துகளை ஆள்கிறது. 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் பெயரிலுள்ள காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மணமாகாத பெண்ணுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 'பாவம், தனிச்சுப்போனா' என்று ஊர் இரங்கிய ரீச்சர், நொத்தாரிசுக்கு முன் தன் காணிக்குத் தானே கையொப்பம் வைத்தார். அவருக்காக இரங்கிய மணமான பெண்ணால் அது முடியாது.

அதே சட்டத்தின் மறுபக்கம் கடுமையானது. முதிசம், சீதனம், தேடியதேட்டம் என்று தேசவழமை சொத்தைப் பிரிக்கிறது. கணவனும் மனைவியும் மணவாழ்வில் தேடிய பொருளுக்குத் தேடியதேட்டம் என்று அழகான ஒரு பெயரே உண்டு. இரு சிநேகிதிகள் முப்பது வருடச் சம்பளத்தில் சேர்ந்து தேடிய வீட்டுக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. ஒருவர் மரணசாதனம் எழுதாமல் இறந்தால் அவருடைய பாதி சகோதரருக்கும் பெறாமக்களுக்கும் போகும். மற்றவர், தான் பூ நட்ட முற்றத்தில் அந்நியராவார். எம் ஆசிரியைகளில் விபரமானவர்கள் உறுதியில் இருவர் பெயரையும் போட்டு, ஒருவருக்கொருவர் மரணசாதனமும் எழுதினார்கள். எழுதாதவர்களின் வீடுகள் என்னவாகின என்பதை இதை வாசிக்கும் சிலர் நேரில் கண்டிருப்பீர்கள்.

1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்த இரவை எவரும் மறக்கமாட்டோம். அந்தச் சனத்துக்குள் முதிய ஆசிரியைகளும் இருந்தார்கள். பலருடைய சகோதரர்களும் பெறாமக்களும் அதற்கு முன்னரே வெளிநாடு போய்விட்டார்கள். கையைப் பிடித்து நடக்க எஞ்சியிருந்தவர் சிநேகிதி மட்டுமே. ஆனால் நிவாரணப் பதிவுக்குப் போனால் 'குடும்பத் தலைவருக்கு என்ன முறை?' என்று கேட்பார்கள். சிநேகிதி என்பது ஒரு முறையாக அங்கே ஏற்கப்படவில்லை. ஒன்றுவிட்ட அக்கா, மச்சாள் என்று ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்தவர்கள் உண்டு. வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கையொப்பம் கேட்டபோதும் இதே கதைதான்.

கடைசியாக மரண அறிவித்தல். எமது பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களைப் போல உறவுமுறையை நுணுக்கமாகப் பதிவுசெய்யும் எழுத்து வேறெங்கும் கிடையாது. இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு சகோதரியும், இன்னாரின் மைத்துனியும், நோர்வே, கனடா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளிலுள்ள இன்னாரின் பெரிய தாயாரும் ஆவார் என்று பத்து வரி வரும். நாற்பது வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவரின் பெயர் அந்தப் பத்து வரிக்குள் வருவதில்லை. அவர் செத்தவீட்டில் பின்வரிசையில் இருப்பார். துக்கம் விசாரிப்பவர்கள் அவரைக் கடந்து போய்ப் பெறாமகனின் கையைப் பிடிப்பார்கள்.

எமது வேண்டுகோள்

அக்னியூவின் இறுதி நாட்களைப் பற்றி இன்று எமக்குத் தெரிவது, அவருடன் வாழ்ந்த இரு பெண்கள் அதை எழுதி வைத்ததனால் மட்டுமே. எம் சொந்த ஆசிரியைகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. போரில் வீடுகளோடு படங்களும் கடிதங்களும் போயின. எஞ்சியிருப்பது எமது நினைவு ஒன்றே, அதற்கும் வயதாகிறது.

எனவே உலகெங்கும் உள்ள பழைய மாணவிகளிடம் இந்த மலர்க் குழுவினராகிய நாம் வேண்டுவன மூன்று. உங்களிடமுள்ள பழைய படங்களின் பின்புறத்தில், படத்தில் உள்ளவர்கள் யார், எந்த வீட்டில் யாருடன் வாழ்ந்தார்கள் என்று பென்சிலால் எழுதி வையுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஆசிரியை ஒருவரின் நினைவுக் குறிப்பை எமக்கு அனுப்பும்போது, அவருடைய சிநேகிதியின் பெயரையும், உயிருடன் இருப்பின் அவருடைய சம்மதத்தைக் கேட்டு, சேர்த்து எழுதுங்கள். காரணம் எதுவும் எழுதவேண்டாம். எங்கள் சங்கத்தின் அனுதாபச் செய்திகளில் இனிமேல் உடன்வாழ்ந்த தோழியின் பெயர் உறவினர் பெயர்களோடு இடம்பெற வேண்டும் என்ற பிரேரணையை அடுத்த பொதுக்கூட்டத்தில் முன்வைக்கவிருக்கிறோம். அதற்கு உங்கள் ஆதரவைத் தாருங்கள்.

இப்போது ஓய்வுபெற்று இருவராக ஒரு வீட்டில் இருக்கும் ஆசிரியைகள் எம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அவர்களைப் போய்ப் பாருங்கள். போகும்போது இருவருக்கும் சேர்த்து ஏதாவது கொண்டு போங்கள்.